முப்பத்தொன்பது அங்குலம்

காஹல் ட்ரெய்னரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

எங்கள் டிரம்நகில் தேவாலயப் பங்கின் பேக்பைப் பேண்டுக்கு, அதாவது பையை அக்குளில் இடுக்கி ஊதும் குழல் வாத்தியக் குழுவுக்கு, அவன் தலைவனாகி இரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்தொரு வயது. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் நாலு வருஷம் ஒரு பெரிய பேண்டில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவன். நன்றாக வாசிப்பான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாயைத் திறந்தால் 'அங்கேயெல்லாம்' என்றுதான் ஆரம்பிப்பான். அங்கேயெல்லாம் இப்படி நிற்பார்கள், அங்கேயெல்லாம் அப்படி மூச்சு விடுவார்கள். அயர்லாந்தில், இந்த டைரோன் மாவட்டத்தில் பிறந்து டைரோன் உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவனுக்கு நாலே வருஷத்தில் சொந்த ஊர் இளக்காரமாகிவிட்டது.

நான் அட்ராக்டா மக்ரோரி. பேண்டில் எதையும் வாசிக்கிறவள் இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக அவர்கள் இடுப்பில் கட்டும் முழங்கால் பாவாடைகளை, கில்ட்களைத் தைக்கிறவள், அளக்கிறவள், பூச்சி அரிக்காமல் காக்கிறவள். ஒரு கில்ட்டுக்கு ஏழு கெஜம் கம்பளித் துணி, பின்பக்கம் இருபத்தேழு கொசுவம், எல்லாம் கைத்தையல். எங்கள் கில்ட்டில் கட்டம் கிடையாது, கோடு கிடையாது. முழுக்க ஒரே குங்குமப்பூ மஞ்சள். மழை மங்கலில் மலைச்சரிவில் இறங்கி வரும்போதே எங்கள் ஆட்கள் என்று அரை மைலுக்கு அப்பால் தெரியும். ஸ்காட்லாந்துக்காரன் கட்டம் போட்டுக்கொள்வான், நாங்கள் மஞ்சள் உடுத்துவோம். தொண்ணூறு வருஷமாக எங்கள் பங்கில் அப்படித்தான்.

என் கணவர் மாலக்கி அந்த மஞ்சளைப் பதினாலு வயதில் உடுத்தினார். இப்போது அறுபத்தாறு. முப்பது வருஷம் கல்குவாரித் தூசியைக் குடித்த நுரையீரல். போன ஜனவரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கோடை முடியும் வரை ஊதலாம், அதற்குப் பிறகு பைப்பைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள் ஊர்வலம்தான் கடைசி.

"அம்பத்திரண்டாவது தடவை. போதும்தான அட்ரா," என்றார் மாலக்கி, காரில் வரும்போது. ஆனால் மறுநாளிலிருந்து தினமும் காலையில் வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே மூச்சை எண்ணிக்கொண்டு நடந்து பழக ஆரம்பித்தார். ஒன்றே முக்கால் மைல் ஊர்வலம். அதை முழுசாக நடந்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எனக்கு அது போதவில்லை. அவர் அதை மஞ்சளில் நடந்து முடிக்க வேண்டும்.

பிப்ரவரியில் பேண்டின் வருடாந்தரக் கூட்டம். பங்கு மண்டபத்தில் பதினாறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். காஹல் எழுந்து, கில்ட்டை மாற்றப் போகிறோம் என்றான். பச்சையும் சிவப்பும் கட்டம் போட்ட துணி ஒன்றை மேஜை மேல் விரித்தான்.

"போட்டியில நடுவருங்க முன்னாடி நிக்கறப்ப நாம மட்டும் சர்க்கஸ் மாதிரி தெரியறோம். கோர்டினா பேண்டும் மஞ்சள், நாமும் மஞ்சள். யார் யாருன்னே தெரியல. அங்கேயெல்லாம் பாத்தீங்கன்னா..."

"அங்க எப்படியோ. இது நம்ம உடுப்பு, காஹல்," என்றேன்.

"நம்ம உடுப்பே இல்ல மிஸஸ் மக்ரோரி. நான் படிச்சிருக்கேன். அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க போட்டது நீளச் சட்டை. மஞ்சள் சாயம் தோச்ச சட்டை. இந்தக் கில்ட்டு நூறு வருஷத்துக்கு முன்னாடி டப்ளின்ல நாலு மீசைக்காரங்க உக்காந்து கண்டுபிடிச்சது."

"உன் கட்டத்துக்கு என்ன வயசு?"

"இது டைரோன் மாவட்டத்துக்கான கட்டம்."

"வயசக் கேட்டேன்."

அவன் துணியை நீவினான். "ஒரு முப்பது இருக்கும்."

"ஸ்காட்லாந்து மில்லுல எவனோ டூரிஸ்டுங்களுக்காகப் போட்ட கட்டம். என் அடுப்பு அதவிட மூத்தது."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மேளம் அடிக்கும் பேக்கி லோகரன் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆனால் சிரிப்பதும் கை தூக்குவதும் வேறு வேறு. ஓட்டெடுப்பில் ஒன்பது கை கட்டத்துக்கு, ஏழு கை மஞ்சளுக்கு. கட்டத்துக்குத் தூக்கிய ஒன்பதாவது கை என் மாலக்கியுடையது.

அன்று வீடு போய்ச் சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் கொட்டித் தீர்த்தேன். "நீ மஞ்சளுக்குத் தூக்கியிருந்தா எட்டுக்கு எட்டு. தீர்மானம் செத்திருக்கும். எப்படி கை வந்துச்சு உனக்கு?"

"அவன் தோத்திருந்தா சின்னப் பசங்க ஆறு பேரக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பான். வேற பேண்டு ஆரம்பிப்பான். இன்னொரு கோர்டினா. ஒரு தடவை உடைஞ்சத பாத்தவன் நான். துணிக்காக மறுபடியும் உடைய விடமாட்டேன்."

கோர்டினா கதை இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊர்வலத்தில் கொடி முன்னால் போக வேண்டுமா மேளம் முன்னால் போக வேண்டுமா என்று சண்டை வந்து, பேண்டில் பாதி கழன்றுகொண்டு போய் அடுத்த பங்கில் புதிதாகத் தொடங்கியது. போகும்போது மஞ்சளையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். மாலக்கியின் சொந்தத் தம்பி அந்தப் பக்கம். இன்றுவரை பூசையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் சுவரைப் பார்க்கிறார்கள்.

"அந்த மஞ்சளுக்காக நீ பட்டது?" என்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. மாலக்கி அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. பேக்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாலக்கிக்கும் பேக்கிக்கும் அப்போது பதினேழு வயது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கியோடு சாலை நெடுக நின்ற காலம். வாசிக்கப் போன பையன்கள் ஐந்து பேரைச் சோதனைச் சாவடியில் வேனிலிருந்து இறக்கி, வரிசையாக நிறுத்தி, துப்பாக்கி முனையால் கில்ட்டின் விளிம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மணி நேரம். பின்னால் நின்ற கார்களில் ஊர்ப் பெண்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலக்கியும் பேக்கியும் அதே மஞ்சளில், வேன் வேண்டாமென்று, அந்தச் சாவடி வழியாகவே நடந்து போனார்கள். அந்த உடுப்பை டப்ளினில் எந்த மீசைக்காரன் கண்டுபிடித்திருந்தால் எனக்கென்ன? அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அது எங்களுடையதாகிவிட்டது.

மாலக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறிப் போனார். படியின் நடுவே இரண்டு முறை நின்று மூச்சு வாங்கியது கேட்டது.

மார்ச் மாதத்தில் காஹல் அளவு எழுத ஒரு தாளோடு மண்டபத்துக்கு வந்தான். நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

"வேணாம், வேணாம். இனிமே உங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல. மில்லே எல்லாம் பாத்துக்கும்."

"அளவு யாரு எடுப்பா?"

"அவங்கவங்க இடுப்பு அவங்கவங்களுக்குத் தெரியாதா? பேக்கி, உங்க சைஸ் என்ன?"

"முப்பத்தெட்டு," என்றார் பேக்கி. முப்பத்தெட்டு அவருடைய தொடை.

காஹல் எழுதிக்கொண்டான். அடுத்தவர், அடுத்தவர் என்று போனான். முப்பத்தாறு, முப்பத்திரண்டு, முப்பத்தி நாலு. எல்லாம் கால்சட்டை வாங்கும் அளவு. அதிலும் ஆளுக்கு ஓர் அங்குலம் வீம்புக்குக் குறைத்துச் சொன்னார்கள். கால்சட்டை தொப்பைக்குக் கீழே நிற்கும். கில்ட் தொப்புளுக்கு மேலே நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கள் ஆண்களிடம் நாலு, ஐந்து, ஏழு அங்குலம் வித்தியாசம் இருக்கிறது. ஆயுள் முழுக்கக் கில்ட் கட்டியவர்கள்தான், ஆனால் ஒருவனுக்கும் தன் கில்ட் அளவு தெரியாது. அளந்தது நான். கையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றதுதான் அவர்கள் செய்தது. கிளாஸ்கோவிலும் எவளோ ஒருத்தி டேப்பைப் பிடித்திருப்பாள், இவனும் கூரையைப் பார்த்திருப்பான்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். 'டேய் மடையா, தொப்புள்ல அளக்கணும்' என்றால் முடிந்தது. நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

தபால் பெட்டி எங்கள் வாசலுக்கு எதிரில் இருக்கிறது. அளவுத் தாளை வைத்த உறையைக் காஹல் என் கையிலேயே கொடுத்தான். "ஒட்டிப் போட்டுடுங்க, சரியா? நீங்க அதச் செஞ்சா போதும்."

அதைச் செய்தால் போதுமாம். முப்பத்திரண்டு வருஷத்துக்கு அதுதான் கூலி. வீட்டுக்கு வந்து சமையல் மேஜையில் தாளை விரித்துப் பார்த்தேன். பதினாறு பெயர், பதினாறு பொய். என் திட்டம் எளிது. ஆகஸ்டில் பெட்டிகள் வரும், ஒன்றும் சேராது, எல்லோரும் மண்டபத்து அலமாரிக்கு ஓடி மஞ்சளை எடுத்து உடுத்துவார்கள், காஹலின் மூக்கு உடையும், மாலக்கி கடைசி முறையாக மஞ்சளில் நடப்பார். இதில் யாருக்கு நஷ்டம்?

உறையை ஒட்டப் போனவள் நின்றேன். மாலக்கியின் பெயருக்கு நேரே முப்பத்தி நாலு. அவருடைய உண்மையான அளவு முப்பத்தொன்பது, அது என் விரலுக்கே தெரியும். ஏதோ ஒரு காரணத்தால் கட்டத்தைத்தான் உடுத்தியாக வேண்டும் என்று ஆகிவிட்டால்? அத்தனை பேர் நடுவில் என் புருஷன் தொடை தெரிய நிற்பதா? காஹல் நாலு என்ற இலக்கத்தைத் தலை திறந்து எழுதுகிறவன். பேனாவை எடுத்து அந்தத் தலையை மூடினேன். ஒன்பதாகிவிட்டது. ஒட்டினேன். போட்டேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, மஞ்சள் கில்ட்களை ஒருமுறை காற்றாட விடலாம் என்று மண்டபத்துக்குப் போனேன். எப்படியும் மூன்று நாளில் அவை வேண்டுமே என்று எனக்கு மட்டும் தெரியும். அலமாரியைத் திறந்தால் வெறும் கம்பி.

காஹல் உள்ளே சின்னப் பையன்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கில்ட்டெல்லாம் எங்க?"

"அதா? டப்ளின்ல ஒரு நாடகக் குழுவுக்குக் கொடுத்தாச்சு. போன வாரம் வேன் வந்துச்சு. பழங்கால நாடகம் போடறாங்களாம். பொருத்தமா இருக்கும்ல?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்."

அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அவன் கையில் பைப் இருந்ததால் பிழைத்தான். கார் வரை நடந்து வந்து உட்கார்ந்தேன்.

மூன்று நாள் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கோர்டினாவிடம் போய்க் கேட்பதற்குப் பதில் எங்கள் ஆட்கள் கோணியைச் சுற்றிக்கொள்வார்கள், அது வேறு. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேண்டு இருக்கிறது, அந்த வருஷம் ஊர்வலத்துக்கு வராத பேண்டு. கேட்டால் பதினாறு கில்ட் கடன் கொடுத்திருப்பார்கள். ஒரு போன். ஆனால் போன் செய்தால், உனக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்ற கேள்வி வரும். அவன் முன்னால் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல என்னால் முடியாது. நான் பன்றித் தொடைக்கறியை வேகவைத்தேன். ஊர்வலத்துக்கு எண்பது சாண்ட்விச் செய்தேன். சோடா ரொட்டி சுட்டேன்.

பதினாலாம் தேதி மதியம் மாலக்கி சமையலறையில் உட்கார்ந்து பைப்பின் வெள்ளி வளையங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இன்னும் கோவமா?" என்றார்.

"யார் மேல?"

"கை தூக்கினதுக்கு." ஒரு வளையத்தை ஊதித் துடைத்தார். "மஞ்சள் போச்சேன்னு எனக்கும்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. எந்த நிறமா இருந்தா என்ன, நாளைக்குக் கில்ட்டு கட்டிக்கிட்டு இவனுங்களோட வரிசையில நடக்கறேன் பாரு, அதுதான் எனக்கு. கால்சட்டைல நடக்கணும்னா ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நடக்கலாமே."

நான் வாயைத் திறந்தேன். பிறகு, கடுகு போடவா வேண்டாமா என்று கேட்டேன்.

பெட்டிகள் அன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தன. காலையில் எல்லோரும் மண்டபத்தில் ஒன்றாகத் திறந்து உடுத்துவது என்று காஹல் ஏற்பாடு. பூசை முடிந்ததும் வந்தார்கள். மாலக்கி தன் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனார். குனிந்து காலுறை மாட்டும்போது மூச்சு இரைக்கும், அதை மற்றவர்கள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

முதல் குரல் பேக்கியுடையது. "இது எனக்கா, என் பேத்திக்கா?"

சிரிப்பு. பிறகு இன்னொருவன், "டேய், எனக்கும் சேரலடா." சிரிப்பு குறைந்தது. பதினைந்து ஆண்கள் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒருவனுடைய பக்கிளே பிய்ந்து மேடைக்கு அடியில் உருண்டது. மெலிந்த பையன் ஒருவனுக்குக்கூட மூன்று அங்குலம் குறைந்தது. வலது இடுப்பில் எல்லோருக்கும் திறந்துகொண்டு, தொடை வெளியே தெரிந்தது.

காஹல் தன் கில்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. "மில்லுக்காரன் தப்பா தைச்சிட்டான். நீங்க பாருங்களேன். ஏதாவது பிரிச்சு விட முடியுமா?"

டேப்பை அவன் தொப்புளைச் சுற்றிப் பிடித்தேன். "நீ என்ன சொல்லி எழுதின?"

"முப்பத்திரண்டு."

"மில்லு முப்பத்திரண்டுதான் தைச்சிருக்கு. உன் அளவு முப்பத்தாறு. கில்ட்டு தொப்புள்ல நிக்கும், காஹல். அங்கேயெல்லாம் சொல்லித் தரலையா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து இறங்கியது.

"ஊர்வலம் பதினொன்றரைக்கு அட்ராக்டா," என்றார் பேக்கி. குரலில் விளையாட்டே இல்லை. "மஞ்சளும் இல்ல. என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு கில்ட்ட முழுசா பிரிச்சுத் தைக்க ரெண்டு நாளாகும்," என்றேன்.

அப்போதுதான் சின்ன அறையின் நினைவு வந்தது. ஓடினேன்.

மாலக்கி கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். பச்சை சிவப்புக் கட்டம் இடுப்பில் அளந்து ஊற்றிய மாதிரி உட்கார்ந்திருந்தது. கொசுவம் பின்னால் நேராக விழுந்திருந்தது. என்ன நிறமாயிருந்தாலும் அது நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். அவர் பாதி திரும்பி, பின்பக்கத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பாரேன் அட்ரா, நீயே தைச்ச மாதிரி இருக்கு. வெளிய என்ன சத்தம்?"

"யாருக்கும் சேரல," என்றேன். வேறு என்ன சொல்வது?

"யாருக்கும்னா?"

"ஒருத்தருக்கும். கால்சட்டை அளவச் சொல்லியிருக்காங்க எல்லாரும்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து போனது. "நானும்தான சொன்னேன். முப்பத்தி நாலு." இடுப்பு வாரைத் தளர்த்தி, உள்பக்கம் தைத்திருந்த துணிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார். முப்பத்தொன்பது என்று சிவப்பு நூலில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷம் கூட இருந்தவரிடம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"தாள் உன் கைல வந்துச்சு."

"ஆமா."

"எல்லாரோடதையும் பாத்த."

"பாத்தேன்."

"தப்புன்னு தெரியும்."

"தெரியும். மஞ்சள் அலமாரியில இருக்கும்னு நெனச்சேன் மாலக்கி. நீ மஞ்சள்ல நடக்கணும்னுதான்..."

"என்னைக் கேட்டியா?"

அவர் பக்கிள்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "வேணாம். கட்டிக்கோ. இன்னிக்கு விட்டா இல்ல உனக்கு. அவனுங்க எப்படியோ போகட்டும், நீ கட்டிக்கிட்டு நட."

"நான் ஒருத்தன் மட்டுமா?" என் கையை விலக்கினார். "அவனுங்க பதினஞ்சு பேரும் கால்சட்டைல வர, நான் மட்டும் மாப்பிள்ளை மாதிரி இத கட்டிக்கிட்டு நடக்கணுமா? பேக்கி பக்கத்துல?"

பூசைக்குப் போட்டு வந்த சாம்பல் நிறக் கால்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். கில்ட்டை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கும் சேரல," என்றார் மாலக்கி. "வாங்கடா, நேரமாச்சு. கால்சட்டைல நடந்தா பைப் ஊதாதா?"

தொண்ணூறு வருஷத்தில் டிரம்நகில் பேண்டு கால்சட்டையில் நடந்தது அன்றுதான். ஆளுக்கொரு நிறம். ஒருவன் ஜீன்ஸ். அந்த வருஷம் ஊர்வலம் நடந்த கேரிக்பெக் ஊரின் கடைத்தெருவில் இரண்டு பக்கமும் ஜனம். எங்களுக்கு முன்னால் கோர்டினா பேண்டு, முழங்காலில் புரளும் மஞ்சளில், வெயிலும் பார்த்து அவர்கள் மேலேயே அடித்தது. தெருமுனையில் அவர்கள் நின்று திரும்பியபோது எங்கள் வரிசையைப் பார்த்தார்கள்.

"பாவாடைய எந்தக் கொடியில காயப் போட்டீங்கடா?" என்று கத்தினான் ஒருவன்.

"பாவம்டா, பஸ்ஸுக்குக் காத்திருக்கற ஆளுங்க. வழி விடு!"

மாலக்கியின் தம்பி கத்தவில்லை. மஞ்சளில் நின்று, அண்ணனுடைய கால்சட்டையைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சுவரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தான். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

மாலக்கி நேராகப் பார்த்து நடந்தார். ஒரு மைல் தாண்டியதும் ஊத மூச்சில்லை. பையை அக்குளில் வைத்தபடி, விரல்கள் மட்டும் துளைகளில் சரியாக ஓட, சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டே நடந்தார். மற்றவர்களின் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. நடைபாதையில் கூடவே நடந்துகொண்டிருந்த எனக்குத் தெரிந்தது. கடைசிவரை நடந்து முடித்தார். நான் நீட்டிய தண்ணீரைப் பேக்கிக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் காஹல் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். குரலில் இளக்காரம் எல்லாம் போய்விட்டிருந்தது. தப்பு அவனுடையதுதானாம், எல்லோரிடமும் ஒத்துக்கொண்டானாம். மில்லில் கெஞ்சிக் கேட்டதில், சேராததைப் படமெடுத்து அனுப்பினால் ஏதாவது செய்து தருகிறோம் என்றார்களாம். அதனால் திங்கட்கிழமை பயிற்சிக்கு எல்லோரும் கில்ட்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். மாலக்கியிடம் சொல்லிவிடுங்கள், அட்ராக்டா, என்றான். மிஸஸ் மக்ரோரி இல்லை.

சொன்னேன். முந்தின நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், எழுந்து போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து சமையல் மேஜையில் வைத்தார்.

"இதப் பிடிச்சுத் தை."

"என்ன?"

"முப்பத்தி நாலாக்கு. அந்தச் சீட்டையும் எடுத்துடு."

"மாலக்கி, நான் போய்ச் சொல்லிடறேன். காஹல்கிட்டயே சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும்."

"சொல்லி? பாதிப் பேரு உன்னத் திட்டுவான், பாதிப் பேரு அவனுக்கு வேணும்டான்னு உன் பக்கம் நிப்பான். திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள ரெண்டு பேண்டு ஆயிடும். உன் மனசு லேசாகறதுக்காக அது நடக்கணுமா?" மூச்சு வாங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தை."

தைத்தேன். சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ ஒரு கைகாரி அத்தனை நேர்த்தியாகப் போட்டிருந்த இருபத்தேழு கொசுவத்தையும் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் பிடித்தேன். என் புருஷன் உடம்புக்குச் சேரக்கூடாது என்று நான் தைத்த ஒரே துணி அது. கை கூசியது. ஆனாலும் தையல் கோணவில்லை, பழகிய கை.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். வந்து நின்றார். கையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கில்ட்டைச் சுற்றி, முன்பக்கத்தை இழுத்து, வாரைப் பக்கிளுக்குக் கொண்டுபோனேன். எட்டவில்லை. இன்னும் இழுத்தேன். ஐந்து அங்குலம் திறந்தே நின்றது, அதன் வழியாக அவருடைய வெளுத்த தொடை தெரிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். இடைவெளிக்குள் தன் கையை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப சரியா இருக்கு," என்றார்.